டீம் லாரியை மறிக்க மாட்டார்கள்

1. லெஃப்ட் கார்னர்

கபடியில் லெஃப்ட் கார்னரில் நிற்கிறவனுக்கு முக்கால்வாசி வேலை சும்மா நிற்பதுதான். எதிரணி ஆள் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு வருவான். அவன் கால் நம் பக்கம் ஒரு சாண் கூடுதலாக வருகிறவரை பொறுத்திருக்க வேண்டும். வந்ததும் விழுந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு விடக் கூடாது. இதைச் செய்துதான் எட்டு வருஷம் சம்பளம் வாங்கினேன்.

இப்போது ரப்பர் மேட் விரித்து ஷூ போட்டுக்கொண்டு ஆடுகிற பிள்ளைகள், "உங்க காலத்துல கபடிக்குச் சம்பளமெல்லாம் ஏதுங்க?" என்று கேட்கிறார்கள். இருந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில் முதலாளி டீம் வைத்திருந்தார். ஊர் ஊராகப் போய் ஆள் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். மில் ஆள் கணக்கு எழுதுகிற மஸ்டர் ரோலில் எங்கள் பெயருக்கு நேரே 'களத்து ஆள்' என்று எழுதியிருக்கும். காலையில் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிவிட வேண்டும். சாயந்தரம் அதே களத்து ஓரத்தில், ஆற்று மணலில் உமி கலந்து போட்ட கோர்ட்டில் பிராக்டிஸ். உமி கலந்தால் தோல் உரியாது என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். உரியத்தான் செய்தது.

முதல் நாள் என்னைக் களத்தில் நிறுத்தி, வேட்டியைத் தூக்கிக் கட்டச் சொல்லி என் காலைப் பார்த்தார்.

"எந்த ஊருடா?"

"வடகரைக் கோட்டகங்க."

"வீரையன் ஊரா? அந்தச் செங்கொடிக்காரன்?"

"எங்க அக்கா வீட்டுக்காரருங்க."

சுற்றி நின்றவர்கள் முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்த பிறகு அவர்களும் சிரித்தார்கள்.

"அவன் எப்பிடி ஆடுவான்?"

"பாடிப் போனார்னா நாலு பேரத் தொட்டுட்டுத்தாங்க திரும்புவாரு. எங்கிட்ட மட்டுந்தான் மாட்டுவாரு."

"அப்ப அவனையும் கூட்டியார வேண்டியதுதானே?"

"அவரு வர மாட்டாருங்க."

"சரி, மாட்டிக்கிறவன் எதுக்கு? பிடிக்கிறவன் போதும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவ்வளவுதான் என் இன்டர்வியூ.

முதலாளிக்கு எங்கள் ஊரிலேயே தொண்ணூறு ஏக்கர் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அதை மைத்துனன் பெயரிலும் மாட்டுக்காரன் பெயரிலும் சமையல்காரன் பெயரிலும் எழுதிவைத்துவிட்டார். சமையல்காரனுக்கே அது தெரியாது என்பார்கள். அந்த நிலத்தில் நட்டு அறுப்பது எங்கள் காலனித் தெரு. அவரிடம் கூலி பேசுகிறவர் வீரையன் மச்சான். அந்த முதலாளி மில்லில் நான் ஆடப் போகிறேன் என்றதும் மச்சான் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "போயிட்டு வா மாப்ள. ஆட்டத்துக்குச் சோறு போடுறான்னா சாப்புடு. ஆனா ஆட்டம் மட்டும் ஆடு."

2. மூஞ்சி காட்டுவது

எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடக்காத மாசம் கிடையாது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்றால் மறியல். கொள்முதல் விலை போதவில்லை என்றால் மறியல். கூலிக்கு மறியல், கட்சிக் கொடிக்கம்பத்தை வெட்டியதற்கு மறியல். பஸ்ஸை மறிப்பார்கள், தாசில்தார் ஜீப்பை மறிப்பார்கள், கல்யாண வேனைக்கூட ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். ஆனால் டீம் லாரியை மறிக்க மாட்டார்கள்.

இது எழுதாத சட்டம். லாரி முகப்பில் மூங்கிலில் பேனர் கட்டி, ஜெயித்த கப்புகளை கேபினுக்கு மேலே கயிற்றால் கட்டியிருப்போம். மறியல் நடக்கிற இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்துவார். "யார்ரா டீம்ல? மூஞ்சியக் காட்டு" என்பார்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் கேபின் படியில் ஏறி நின்று முகத்தைக் காட்ட வேண்டும். "அட, நம்ம பய" என்று வழி விடுவார்கள். சில இடத்தில் இளநீரும் வெட்டிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு திசைக்கும் எங்கள் டீமில் ஒரு மூஞ்சி இருந்தது. கடற்கரைப் பக்கம் என்றால் ஜப்பார் பாய். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் நான்.

ஜப்பார் பாய்தான் எங்கள் கேப்டன், முதல் ரைடர். அவர் வீட்டில் துணிக்கடை. வாப்பாவுக்குப் பையன் சடுகுடு ஆடுவது பிடிக்காது. கோர்ட்டில் என் மேல் ஏழு பேர் விழுந்து புரள்வார்கள், ஜெயித்தால் கட்டிப்பிடித்துத் தூக்குவார்கள். சாப்பாடு என்று வந்தால் எனக்குக் கொட்டகைக்குப் பின்னால் இலை. முதல் டோர்னமென்ட்டிலேயே ஜப்பார் பாய் தன் இலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். "முன்னாடி ஒரே புழுக்கமா இருக்கு பக்கிரி" என்றார். முன்னாடிதான் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷமும் அவருக்குப் புழுக்கமாகவே இருந்தது.

3. இரண்டாவது லாரி

நான் சேர்ந்து ஆறாவது வருஷம், மாசி மாசம். அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தர வேண்டும் என்று எங்கள் ஊரில் வேலைநிறுத்தம். மற்ற மிராசுதாரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் முதலாளி மட்டும் வரவில்லை. தொண்ணூறு ஏக்கர் சம்பாவும் முற்றித் தலை சாய்ந்து, மணி கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாங்கினால் மனுஷன் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். வெளியூர் ஆளை உள்ளே விடாமல் இருந்தால் போதும். ஊருக்குள் நுழைகிற வாய்க்கால் பாலத்தில் கட்டை வண்டியைக் குறுக்கே போட்டு, ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரம் எங்களுக்குத் திருவாரூரில் ஃபைனல். முந்தின நாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பக்கிரி, இந்த கப்பு முடியட்டும். உன்ன பெர்மனென்ட் பண்ணிடுறேன். வெயில்ல நெல்லு கிளற வேண்டாம். எடைமேடையில நெழல்ல உக்காந்துக்க."

"சரிங்கய்யா" என்றேன். எங்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் அதுவரை யாரும் இல்லை. அன்றைக்கெல்லாம் எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலையில் மில் வாசலில் இரண்டு லாரி நின்றது. எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது லாரிக்குத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியிருந்தார்கள்.

"அது யாருக்குங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"ஃபைனல் பாக்க ரசிகருங்க."

ரசிகர்கள் இருக்கிற லாரியில் சத்தமே இல்லை. எனக்கு உறுத்தியது. என் பையை அதில் போடுகிற சாக்கில் பின்னால் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். முதலில் கால்கள் தெரிந்தன. வெடித்த பாதங்கள், முப்பது நாற்பது இருக்கும். நடுவே ஒரு சாக்கு மூட்டை. சாக்கைக் கிழித்துக்கொண்டு, கதிர் அறுக்கிற அரிவாள் மூக்கு நாலைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் என்னை மாதிரி கூலிக்கு வந்தவர்தான்.

தார்ப்பாயை விட்டுவிட்டேன். பக்கத்தில் ஜப்பார் பாய் நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன பக்கிரி இது?"

"ரசிகருங்களாம் பாய்."

அவர் கேபினில் இருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு வயிறு சரியில்ல. நான் பஸ்ல வந்துடுறேன். நீயும் வர்றியா?" என்றார்.

இந்த இடத்தை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் துணிக்கடை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று அப்போது மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. எனக்கு நாற்காலி வேண்டியிருந்தது. "நான் லாரியிலயே வரேன் பாய்" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

மெயின் ரோட்டில் போக வேண்டிய வண்டி எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவரே சொன்னார்: "பாலத்துல நிறுத்துறேன். நீ மூஞ்சியக் காட்டு, போதும்."

பாலத்தில் நான் படியில் ஏறி நின்றதும் முதலில் என்னைப் பார்த்தது என் அக்கா அஞ்சம்மா. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள்.

"எந்தம்பி டீமு. விடுங்க, விடுங்க, ஆட்டத்துக்கு நேரமாவுது."

வீரையன் மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஃபைனலா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"பின்னாடி என்ன இன்னொரு வண்டி?"

"ரசிகருங்க."

அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் அவருக்கு. அவரே கட்டை வண்டிச் சக்கரத்தில் தோள் கொடுத்துத் தள்ளி வழி விட்டார். என் லாரி தாண்டும்போது என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "கார்னர்ல அவசரப்படாத" என்றார்.

எங்கள் லாரி நிற்கவில்லை. இரண்டாவது லாரி முதலாளி வயலோரம் நின்றது. தார்ப்பாய் அவிழ்ந்து ஆட்கள் குதிப்பதையும், பாலத்திலிருந்து எங்கள் ஜனங்கள் கத்திக்கொண்டு ஓடி வருவதையும் கண்ணாடியில் பார்த்தேன். எதிரே இரண்டு போலீஸ் வேன் எங்களைத் தாண்டி ஊருக்குள் போயிற்று. அதுவும் ஏற்பாடுதான்.

ஃபைனலில் நாங்கள் ஜெயித்தோம். ஜப்பார் பாய் பஸ்ஸில் வந்து இறங்கி ஆடினார், என்னோடு பேசவில்லை. நான் அன்றைக்கு ஐந்து பேரைக் கணுக்காலில் பிடித்தேன். அதுவரை அப்படி ஆடியதில்லை. கறுப்பு சிவப்புத் தோரணம் கட்டிய மேடையில் ஒரு மந்திரி கப்பைக் கொடுத்துவிட்டு, இது உழைக்கும் மக்களின் ஆட்சி என்று பேசினார். முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

4. தெரியாது

போலீஸ் காவலோடு மேலும் ஆட்களை இறக்கி, ஒரே வாரத்தில் தொண்ணூறு ஏக்கரில் பாதியை அறுத்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் அதோடு படுத்துவிட்டது. அரைப்படி அந்த வருஷம் கிடைக்கவில்லை. அக்காவுக்கு லத்தி பட்டு முன்கை எலும்பு முறிந்தது. வீரையன் மச்சானோடு பதினெட்டுப் பேரை உள்ளே வைத்தார்கள்.

அவர் ஜாமீனில் வந்த அன்று போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தெரிஞ்சுதான் ஏறுனியா?"

"சத்தியமா தெரியாது மச்சான்."

என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் அக்கா எனக்குச் சோறு போட்டாள். "சாப்புட்டுப் போ" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை.

பெர்மனென்ட் ஆர்டர் வருகிறது, வருகிறது என்று இரண்டு வருஷம் ஓடியது. மன்னார்குடிப் பக்கம் ஒரு மேட்சில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது என் இடது முட்டி மேல் மூன்று பேர் விழுந்தார்கள். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் அரைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். மூன்று மாசம் கழித்து நொண்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். முதலாளி மறுபடி வேட்டியைத் தூக்கிக் கட்டச் சொல்லி என் காலைப் பார்த்தார்.

"நொண்டிக் காலோட எடைமேடைக்கு எப்பிடிடா ஏறி எறங்குவ?" என்றார். மஸ்டர் ரோலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அதே வருஷம் ஜப்பார் பாய் துபாய் போனார். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முட்டிக்குத் தைலம் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார்.

5. யாரும் தொடவில்லை

ஊருக்குத் திரும்பினேன். அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஒன்றும் செய்யவில்லை. டீக்கடையில் டீ கொடுத்தார்கள். வயலில் இறங்கினால் வேலை கொடுத்தார்கள். அறுப்பு வரிசையில் எனக்குப் பக்கத்து ஆள் மட்டும் நாலு அடி தள்ளி நிற்பான். பேச்சு நான் போனால் நின்றுவிடும்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் காலனியின் கீழத்தெருவும் மேலத்தெருவும் கபடி ஆடின. நானும் போய் மேலத்தெருப் பக்கம் லெஃப்ட் கார்னரில் நின்றேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கீழத்தெரு ரைடர் பாடிக்கொண்டு வந்தான். வலது பக்கம் போனான், ஒருத்தனைத் தொட்டான், திரும்பிவிட்டான். அடுத்தவனும் வலது பக்கம். நொண்டிக் காலைத் தொடுவதுதானே சுலபம், ஏன் யாரும் வரவில்லை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. என் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக அவுட்டாகி வெளியே போனார்கள். கடைசியில் கோர்ட்டில் நான் ஒருத்தன்தான். வீரையன் மச்சான் பாடிக்கொண்டு வந்தார். கோட்டைத் தாண்டி, நட்ட நடுவில் நின்று, மூச்சு தீருகிறவரை பாடினார். என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் போய்விட்டார்.

தொட்டால்தானே அவுட். யாரும் தொடவில்லை. அம்பயர் என்ன செய்வதென்று தெரியாமல் நேரமாகிவிட்டது என்று விசில் ஊதி முடித்தார்.

எனக்கும் வீம்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் அதேதான். மில்லில் கொட்டகைக்குப் பின்னால் இலை போட்டபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை. அது அவர்கள் போட்ட இலை. இது என் சொந்த ஜனம்.

அப்புறம் கொள்முதல் நிலையத்தில் காவலாளி வேலை கிடைத்தது. நெல் மூட்டை அடுக்குக்குக் காவல். பேசுவதற்கு எலி உண்டு. கல்யாணம் ஆகவில்லை. எனக்காகப் பெண் கேட்டுப் போக வேண்டியவள் அக்கா. அவள் போகவில்லை. மற்றவர்களைக் கேட்க எனக்கு மனசில்லை. அந்த வேலையில் இருந்தே ரிட்டயர் ஆனேன்.

6. முதியோர் ஆட்டம்

நான் ரிட்டயர் ஆன வருஷம் பொங்கலுக்கு, ஊர்ப் பையன்கள் வேடிக்கைக்காக முதியோர் கபடி என்று ஒன்று வைத்தார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். மைக்கில் ஒருத்தன், "பல் செட்டெல்லாம் கழட்டி அம்பயர்கிட்ட குடுத்துட்டு ஆடவும்" என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல லெஃப்ட் கார்னர்.

கீழத்தெருவில் வீரையன் மச்சான் எழுந்தார். அவருக்கு வீசிங். பத்தடி நடந்தால் நெஞ்சு இழுக்கும். இவர் எங்கே பாடப் போகிறார் என்று அக்காவே ஓரத்தில் நின்று தடுத்தாள். அவர் கேட்கவில்லை. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "சடுகுடு, சடுகுடு" என்று தொண்டைக்குள்ளேயே பாடிக்கொண்டு வந்தார். நடுவில் நிற்கவில்லை. வலது பக்கம் போகவில்லை. நேரே என் பக்கம் வந்தார்.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். முப்பது வருஷமாக அந்த மூலைக்கு யாரும் வந்ததில்லை என்று ஊருக்கே தெரியும்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். அவர் கால் என் பக்கம் ஒரு சாண் கூடுதலாகவே வந்திருந்தது. பிடித்திருக்கலாம். எனக்குக் கை எழவில்லை. அவரும் தொடவில்லை. பாட்டை நிறுத்தினார்.

"தெரிஞ்சுதானே ஏறுன?"

"தெரியும் மச்சான். அரிவாளப் பாத்தேன்."

அம்பயர் விசில் ஊதினார். "பாட்ட விட்டுட்டாரு. கீழத்தெரு அவுட்டு."

மச்சான் நகரவில்லை. மூச்சு வாங்கியது. விழுந்துவிடாமல் இருக்க என் தோளில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அன்னிக்கே இதச் சொல்லியிருந்தீன்னா ஒன்ன அடிச்சிருப்பேன் மாப்ள" என்றார். "நல்லா அடிச்சிட்டு, மறுநா ஆட்டத்துல சேத்துருப்பேன்."

அழுதேன். எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன்.

"அவுட்டான ஆளு வெளிய வாங்க தாத்தா" என்று அம்பயர் கூப்பிட்டார். மச்சான் மெல்ல நடந்து கோட்டைத் தாண்டிப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

சம்பளத்துக்கு ஆடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் மூஞ்சியைக் காட்டி யாராவது எதையாவது கடத்தப் பார்ப்பார்கள். முடிந்தால் ஜப்பார் பாய் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள். இறங்க முடியாமல் போனால், கேட்டவுடன் உண்மையைச் சொல்லி அடியை வாங்கிக்கொள்ளுங்கள். என் ஜனங்கள் லாரியில் ஏறினதை மன்னித்திருப்பார்கள். தெரியாது என்றேனே, அதை மன்னிக்கத்தான் அவர்களால் முடியவில்லை.

அடுத்து எங்கள் பக்கத்து முறை. யார் பாடிப் போவது என்று பார்த்தார்கள். கார்னர் ஆள் பாடிப் போவது வழக்கமில்லை. நான் போனேன். நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். கீழத்தெருக் கிழவர்கள் நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தர் என் இடுப்பைப் பிடித்தார். இன்னொருத்தர் காலைப் பிடித்தார். மற்ற இரண்டு பேரும் மேலே விழுந்தார்கள். மூச்சு போய்விட்டது, பாட்டு நின்றுவிட்டது, விசிலும் கேட்டது. முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது. எழுந்திருக்கச் சொல்லி அம்பயர் இரண்டாம் தடவையும் விசில் ஊதினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.